காவல் நிலையத்து வாயிற்படி

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததையொட்டிப் பெங்களூரில் கலகம் மூண்டது. என் தந்தையார் வாயிலிலிருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். காவல் நிலையம் அடுத்த தெருவில்தான். ஆயினும் அவ்வாயிற்படியை மிதிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோது, ரயில்வே குமாஸ்தாவாகிய நானும் கதவைத் தாழிட்டதோடு சரி.

இராமநாதபுரத்தில் 1993இலேயே 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் தோன்றியதை அன்பர்கள் அறிவீர்கள். இங்கே 2025இல் 'மனெ மனெகெ போலீஸ்' திட்டம் வந்தது. காவலரே வீடு தேடி வந்து குறை கேட்பது அதன் ஏற்பாடு.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் தம்பி வயதினர். "அஜ்ஜா, ஏதேனும் தொந்தரவுண்டா?" என்று தந்தையாரிடம் கன்னடத்தில் வினவினார். முப்பத்து நான்கு ஆண்டுக் கதை வெளிவருமென எதிர்பார்த்தேன். தெருக்கோடி விளக்கு எரிவதில்லை என்று மட்டும் சொன்னார் தந்தையார்! விளக்கு காவலர் பொறுப்பன்று. எனினும் குறித்துக்கொண்டு, தம் தொலைபேசி எண்ணையும் தந்து சென்றார். இரு வாரத்தில் விளக்கு எரிந்தது.

மறுநாள் தந்தையார் பரணில் எதையோ தேடினார். பலகையைக் கரையான் அரித்திருந்தது. புதிதாக எழுத என்ன செலவாகும் என்று கேட்டார். கன்னடத்திலும் தமிழிலுமாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.