அம்மாவுக்குத் தெரிந்த தொடுகோடு

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கணக்குக்கு இரண்டு நிலைகள் உண்டு: பவுண்டேஷன், ஹையர். பவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கிரேடு 5-க்கு மேல் கிடைக்காது. ஏ லெவலில் கணக்கு எடுக்கும் ஆசை பெரும்பாலும் அதோடு சரி. ஹையரில் மட்டும் வரும் பாடங்களில் ஒன்று, வட்டத்தைத் தொடும் கோட்டின் சாய்வு. அக்கா மகன் மாட்டிக்கொண்டது அதில்தான்.

"மாமா, எனக்கு மேத்ஸ் வராது. பவுண்டேஷனுக்கே போயிடறேன்" என்றான்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். விதி சரியாகவே இருந்தது: ஆரத்தின் சாய்வைத் தலைகீழாக்கு, குறியை மாற்று. ஏன் அப்படி என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. வகைக்கெழு போட்டால் இரண்டே வரியில் விடை வரும். ஆனால் அதை இன்னும் படிக்காத பையனுக்கு, அது புரியாத இன்னொரு விதி, அவ்வளவுதான்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நோட்டில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். "இது தொடுகோடு தானே? ஆரத்துக்குச் செங்குத்தா இருக்கும்."

"அம்மா, உனக்கு இது தெரியுமா?"

அக்கா படித்தது தமிழ் மீடியம். பாடமெல்லாம் ஆங்கிலம் என்பதால் இத்தனை வருடமாக மகனின் கணக்கு நோட்டைத் தொட்டதே இல்லை. இப்போது ஒரு தட்டைக் கவிழ்த்து, விளிம்பை ஒட்டி ஸ்கேலை வைத்தாள்.

"ஸ்கேல்ல எந்த இடம் தட்டோட நடுவுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு?"

"தொடற இடம்."

"மத்த இடமெல்லாம்?"

"தட்டுக்கு வெளிய."

"ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குக் குறுக்கு வழி எது? நேரா, செங்குத்தா போறதுதானே!"

யூக்ளிட் தன் மூன்றாம் புத்தகத்தில் 18-ஆவது தேற்றமாகச் சொன்னதும் இதுதான்.

மிச்சத்தை நான் சொன்னேன். மையம் (0, 0), ஆரம் 5. தொடும் புள்ளி (3, 4) என்று வைத்துக்கொள்வோம். ஆரம் வலப்பக்கம் 3 போய், மேலே 4 ஏறுகிறது. சாய்வு 4/3. இப்போது தாளை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால், வலம் போன 3 மேலே ஏறும். மேலே ஏறிய 4 இடப்பக்கம் போகும். சாய்வு -3/4. பின்னம் தலைகீழானதும் கழித்தல் குறி வந்ததும் அந்தத் திருப்பலால்தான்.

"அப்போ (5, 0)-ல?" என்று அவனே கேட்டான். அங்கே தொடுகோடு நெட்டுக்குத்தாக நிற்கும். சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. விதிப்படி போனால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும். படத்தில் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

ஹையரே எழுதுவதாக இப்போது சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகனும் நோட்டோடு உட்காருகிறார்கள்.

நம்மில் பலர் அக்காவைப் போலத்தான். தமிழ்நாட்டில் தொடுகோடு, சாய்வு, ஆரம் என்று படித்திருப்போம். இலங்கையில் தொடலி, படித்திறன், ஆரை என்று படித்திருப்போம். பிள்ளைகள் டேன்ஜென்ட், கிரேடியன்ட், ரேடியஸ் என்றதும் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டாம். படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பெயர் புதிதாக இருக்கலாம். வட்டமும் கோடும் நாம் படித்தவைதான்.