ஆமை வண்டி

ஏம்பலத்துத் தெருப்பிள்ளைகள் என் 1967ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு வைத்த பெயர் ஆமை வண்டி. எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். எஞ்சின் காற்றால் குளிர்வதால் ரேடியேட்டர் கிடையாது.

பழைய ஜெர்மானிய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் அவ்வப்போது கூடுகிறோம். பேச்சு கார்புரேட்டரில் தொடங்கி, வண்டியை முதலில் வாங்கிய அப்பாக்களின் நினைவில் போய் நிற்கும். சில காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை 'விண்டேஜ்' எனப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும், எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு அன்றி, அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது.

சில நண்பர்களுக்கு இதில் பெருமிதம். எனக்கோ மனம் ஒப்பவில்லை. வோக்ஸ்வேகன் என்றாலே மக்கள் வண்டி என்றுதான் பொருள். 2003இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை உருவான சுமார் 2.15 கோடி பீட்டில்களும் சாமானியரின் அன்றாடத்துக்கென்றே செய்யப்பட்டவை. மரியாதை என்ற பெயரில் அந்த அன்றாடத்தைப் பறிப்பானேன்? சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். பாகூர்க் கடைத்தெருவிலிருந்து அரிசி மூட்டை இன்னும் ஆமை வண்டியில்தான் வருகிறது.