தாயுமான தந்தை மீன்

பிள்ளை வளர்ப்பு என்றாலே நம் நினைவுக்கு வருபவள் தாய்தான். கோழி, பசு, பூனை, எதைப் பார்த்தாலும் அப்படித்தானே? ஆனால் மீன்களிடம் போய் இதைச் சொன்னால் அவை ஒப்புக்கொள்ளமாட்டா! பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் தம் வழியே போய்விடும். காவல் காக்கும் இனங்கள் பலவற்றிலோ காப்பது தந்தை, அதுவும் தன்னந்தனியாக.

ஏட்டில் படித்த இதை இவ்வாண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாலும் கண்டோம். சிஸ்டர் ஒரு ஜோடி சண்டை மீன் வாங்கி வந்தார்கள். கடைகளில் 'ஃபைட்டர்' என்று சிறு புட்டிகளில் தனித்தனியே வைத்து விற்பார்களே, அதுதான். தாய்லாந்தின் வயல்நீர் அதன் பிறந்தகம். 2019-இல் அந்நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக ஏற்றது. வயல்நீரில் பிராணவாயு குறைவு; ஆகவே அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும்.

முற்றத்து வாதாங்கொட்டை மரத்தின் இலையொன்றைத் தொட்டியில் மிதக்க விட்டோம். அதனடியில் ஆண்மீன் காற்றை விழுங்கி, எச்சிலில் பொதிந்து, குமிழி குமிழியாய் ஒட்டி நுரைக்கூடு கட்டியது. பின் பெண்மீனைத் தன் உடலால் வளைத்துக்கொண்டது. வெண்மணிகளாய் முட்டைகள் கீழே விழ விழ, வாயால் பொறுக்கி நுரையில் வைத்தது. எல்லாம் முடிந்ததும் பெண்மீனை விரட்டிய விரட்டு இருக்கிறதே, அப்பப்பா! சிஸ்டர் அதை உடனே வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். "பெற்றவளையா இப்படி?" என்று எங்களில் சிலருக்குக் கோபம். தாய்மீன் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும் என்று சிஸ்டர் சொன்ன பிறகே அடங்கினோம்.

இரண்டாம் நாள் மாலை குஞ்சுகள் பொரிந்தன. வால் கீழே தொங்கும் சின்னஞ்சிறு இழைகள்! நீந்தத் தெரியாது. ஒன்று நழுவி விழும். தந்தை கவ்வி வந்து நுரையில் ஒட்டும். அதற்குள் இன்னொன்று விழும். எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டுவிட்டோம். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தும் எங்களில் ஒருத்தி நகரவில்லை. அவளுக்கு அம்மா இல்லை. நாள்தோறும் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, அவளைப் பள்ளிக்கு அனுப்புவது அப்பாதான். "சிஸ்டர், இது எப்போ சாப்பிடும்?" என்று மட்டும் கேட்டாள். போட்ட இரை அப்படியே கிடந்தது.

ஏன் தந்தைக்கு இந்த வேலை? கூடு அதனுடையது, முட்டைகள் கருவுறுவதும் அதன் எதிரிலேயே, நீரில். தாயோ போய் இரை தின்று, அடுத்த முட்டைகளுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஓடைகளில் வாழும் ஸ்டிக்கில்பேக் மீனில், பல பெண்மீன்கள் ஒரே ஆணின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். அத்தனைக்கும் அவரே செவிலி. துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பார். அம்மீனை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். அந்தத் தந்தையும் சிற்சில சமயம் தன் முட்டைகளையே தின்பதுண்டு. ஆகவே முனிவர் என்று எண்ணிவிட வேண்டா!

எங்கள் மீனும் அப்படித்தான். குஞ்சுகள் தாமே நீந்தத் தொடங்கினால் அவற்றை இரையென்று எண்ணிவிடலாம். ஆகவே அன்றே அதையும் பிரித்துத் தனிப் புட்டியில் விட்டார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவேயில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். புட்டியின் ஓரத்தில் புதிதாகச் சில குமிழிகள் மிதந்துகொண்டிருந்தன.

— பத்தாம் வகுப்பு மாணவியர்