ஒரு களிம்பும் இரு தவறுகளும்

வீட்டு அலமாரியில் மருந்துகளுக்கென ஒரு தட்டை ஒதுக்கி வைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். தலைவலித் தைலம், காய்ச்சல் மாத்திரை, லூர்து அன்னையின் தீர்த்தப் புட்டி, எவருக்கோ எழுதிக்கொடுத்து எஞ்சிய களிம்பு எனப் பலவும் அங்கே இடம்பெறும். எங்கள் வீட்டுத் தட்டிலும் அத்தகைய களிம்பு டியூப் ஒன்று இருந்தது. அதனால் நேர்ந்த இரு தவறுகளை, கணவனும் மனைவியுமாகிய நாங்கள் மறைக்காமல் எழுதுகிறோம். பிற குடும்பங்களேனும் தப்பிக்கொள்ளட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

2014-ஆம் ஆண்டில் எங்களில் ஒருவருக்குக் கணுக்காலில் கரப்பான் கண்டது. தோல் தடித்து, அரிப்பெடுத்து, நீர் வடிந்தது. மருத்துவர் குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு களிம்பை எழுதிக் கொடுத்து, "காலில் மட்டும், இரண்டு வாரம் மட்டும்" என்று வற்புறுத்திச் சொன்னார். பத்தே நாளில் குணமாயிற்று. மிச்சம் அலமாரிக்குப் போயிற்று. மருத்துவர் சொன்ன இரண்டு "மட்டும்"களையும் நாங்கள் மறந்தோம். மருந்து நன்றாகக் கேட்டது என்பதை மறக்கவில்லை.

மறு ஆண்டு, கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த எங்கள் மகளுக்கு முகத்தில் கருந்திட்டுகள் தோன்றின. "அப்பாவுக்கு நல்லாக் கேட்ட மருந்துதானே, போட்டுப் பாரம்மா" என்று எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்களே. இரண்டு வாரத்தில் முகம் தெளிந்து பளபளத்தது. கோவிலில் கண்டவர்கள் பாராட்டினார்கள். டியூப் தீர்ந்ததும், மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் அடுத்தது கிடைத்தது. இவ்வாறு ஆறு மாதங்கள் ஓடின. பின்னர், வெளியூர் சென்ற இடத்தில் ஒரு வாரம் பூசாமல் விட்டாள். முகம் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து எரிந்தது, பருக்கள் எழுந்தன. மீண்டும் பூசினால் அடங்கும். விட்டால் முன்னிலும் மோசமாகும். அடுப்பருகே நிற்கவோ, வெயிலில் நடக்கவோ அவளால் இயலவில்லை.

சிறு வயது முதல் பாடகர் குழுவில் பாடிவந்தவள், அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் போய்த் திரும்பினோம். அவளது அறையில் விளக்கு அணைந்திருந்தது. ஆயினும் அவள் உறங்கவில்லை என்பதை அறிந்தோம். கதவைத் தட்டும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

தோல் மருத்துவ நிபுணரான ஓர் அம்மையாரிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, மருந்து கெட்டதன்று, அது போன இடமும் போட்ட காலமும்தான் தவறு" என்றார். தோலில் தடவும் ஸ்டீராய்டு, உடலின் எதிர்ப்பு அணுக்களின் கொந்தளிப்பை அடக்கி, இரத்த நாளங்களைச் சுருக்கி, அரிப்பையும் சிவப்பையும் தணிக்கிறது. அளவு மீறினாலோ, அதே மருந்து தோலுக்கு வலுவூட்டும் நாரிழைகளைக் குன்றச் செய்து தோலை மெலிவிக்கிறது. எல்லாத் தோலும் அதை ஒரே அளவில் உறிஞ்சுவதுமில்லை. 1967-இல் வெளியான ஆய்வொன்று, முன்கை உறிஞ்சும் மருந்தின் அளவு 1 என்றால் நெற்றி உறிஞ்சுவது 6 எனக் காட்டிற்று. இமை, அக்குள், தொடையிடுக்கு ஆகியவையும் மெல்லிய தோல் உடையவையே. காலின் தடித்த கரப்பானுக்கு அளித்த மருந்தை நாங்கள் ஒரு பெண்ணின் கன்னத்தில் பூசச் சொல்லியிருந்தோம்!

மகள் குணமடைய ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. கன்னத்தில் சில மெல்லிய செந்நரம்புக் கோடுகள் இன்றும் உண்டு. இவ்விதத் துன்பம் நாட்டில் பெருகியதை உணர்ந்த அரசு, 2018-இல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. ஆயினும் சட்டம் கடைவாசல் வரைதான் வரும். எங்கள் அலமாரிக்குள் வந்து பார்க்காது.

இனி இரண்டாம் தவறு. அம்மகளுக்குத் திருமணமாகிப் பிறந்த எங்கள் பேரனுக்கு, 2022-இல் இரண்டு வயதில், முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் கரப்பான் கண்டது. குழந்தை மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காடு களிம்பு கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்று அறிந்ததும் மகளின் கை நடுங்கிற்று. "வேண்டாம் அம்மா, நான் பட்டது போதும்" என்றாள். நாங்களும் அஞ்சி, டியூபை மூடியே வைத்துவிட்டோம். தேங்காய் எண்ணெய் பூசினோம், நேர்ச்சையும் செய்தோம். குழந்தையோ இரவெல்லாம் சொறிந்தான். மூன்றாம் வாரம் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் சேர்த்து ஊசி மருந்து ஏற்றும்படி ஆயிற்று. அந்தச் சிறு கையில் ஊசி குத்தியபோது அவன் "தாத்தா" என்று கூவிய குரல் எங்கள் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

மீண்டும் அதே அம்மையாரிடம் சென்றோம். "அன்று அச்சமில்லாமல் பூசினீர்கள், இன்று அறியாமல் அஞ்சினீர்கள். இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை" என்றார். பின்பு பொறுமையோடு கற்றுத்தந்தார். அவற்றை வாசகர்களுக்கு வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, வலிமை. டியூபில் காணும் விழுக்காட்டை வைத்து வலிமையை அளக்கலாகாது. 0.05 விழுக்காடு குளோபெட்டசால், 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பன்மடங்கு வலியது. முன்னது மிக வலிய வகை. பின்னது மென்மையான வகை. எனவே மருந்தின் பெயரைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. வளர்ந்தவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவர் விரலே அளவுகோல். புண்ணின் பரப்பைப் பெரியவர் உள்ளங்கையால் அளந்து கணக்கிடலாம். அஞ்சி அஞ்சிக் கடுகளவு தொட்டு வைப்பதும் பயன் தராது.

மூன்றாவது, முறை. மருத்துவர் சொன்னபடி நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ, அழற்சி உள்ள இடத்தில் மட்டும் மெல்லப் பூச வேண்டும். தோலை ஈரமாக வைக்கும் பூச்சைத் தாராளமாகப் பூசலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே அரைமணி நேரம் விடுவது நன்று. பூசிய இடத்தைப் பிளாஸ்டிக்கினாலோ இறுக்கமான கட்டினாலோ நாமாக மூடலாகாது. மூடினால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். குழந்தையின் அரைக்கச்சையும் அப்படியே. பூசியபின் கையைக் கழுவ வேண்டும், கண்ணருகே கொண்டுபோகலாகாது. இமையில் நெடுநாள் பூசினால் கண் அழுத்த நோய்கூட வரலாம்.

நான்காவது, காலம். சொன்ன நாள் முடிந்ததும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெடுநாள் பூசிவிட்டவர்கள் திடீரென நிறுத்தாமல், அவர் சொல்லும் படிப்படியான முறையைப் பின்பற்ற வேண்டும்.

ஐந்தாவது, படர்தாமரை. அது பூஞ்சையினால் வருவது. ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு தணிந்து, நோய் உருமாறிப் பரவும். பிறருக்குக் கேட்டதென்று எடுத்துப் பூசுவோர் பலர் இதில்தான் சிக்குகிறார்கள்.

சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லுகிறது. மதிப்பது என்றால் வணக்கம் சொல்லுவது மட்டுமன்று. அவர் சொன்னதை முழுவதும் கேட்பதும் ஆகும் என்று இப்போது உணர்கிறோம். நேர்ச்சை செய்தது தவறன்று. ஆண்டவர் அளித்த மருந்தை மூடி வைத்துவிட்டு நேர்ச்சை செய்ததே தவறு.

இன்று பேரன் நலமாயிருக்கிறான். மழைக்காலம் வந்தால் மடிப்புகளில் கரப்பான் எட்டிப் பார்க்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மாலைச் செபமாலைக்கு முன் எங்கள் மகள் அவனை மடியில் இருத்தி, தன் விரலில் களிம்பை அளந்து பூசுகிறாள். நாட்காட்டியில் ஒரு புள்ளி வைக்கிறாள். இப்போது அவள் கை நடுங்குவதில்லை. அலமாரியில் பழைய டியூப் எதுவும் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.