பீங்கான் ஊரில் ஒரு ஜப்பான்-இத்தாலி விருந்து!

பாஸ்... ஜப்பானும் இத்தாலியும் ஒரே தட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? சுஷியையும் பீட்ஸாவையும் மிக்ஸியில் போட்டு அடிக்கிற மாதிரி கற்பனை ஓடினால், உடனே பிரேக் போடுங்க. மேட்டர் அது இல்லை. நூடுல்ஸிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜனம், ஸ்பெகட்டியை வீட்டுக்குள்ளே கூட்டிவந்து, 'நீயும் நம்ம சாதிசனம்தாம்ப்பா'ன்னு பாய் போட்டு உட்காரவைத்த கதை அது.

'ஃபியூஷன் ஹோட்டலில் சாப்பிட்டுட்டு வந்து எழுது'ன்னு ஆபீஸில் சொன்னபோது, 'சார், எனக்கு விருத்தாசலம் பக்கம் நல்லூரு. லீவுக்கு ஊருக்குப் போறேன்'னு மெதுவாகப் பம்மிப் பார்த்தேன். 'அப்ப அங்கிருந்தே எழுது'ன்னுட்டாங்க! எங்க பக்கம் ஃபியூஷன்னா, பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டியில் சட்டி அதிர அதிரக் கிண்டித் தர்ற சிக்கன் ரைஸ்தான். சென்னையில் ஜப்பான் ஹோட்டல் தனியா இருக்கு, இத்தாலி ஹோட்டல் தனியா இருக்கு. அங்கே ஒரு பிளேட் விலையில் எங்க காலேஜ் மெஸ்ஸில் ஒரு வாரம் ஓட்டிடலாம். ஸோ, ஹோட்டலையே ஊருக்குக் கொண்டுவந்துடறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரே டேபிள், மூணே கஸ்டமர். பில் கிடையாது!

சமைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1945 ஆகஸ்ட் கடைசியில், போரில் தோற்றுப்போன ஜப்பானுக்குள் அமெரிக்கப் படை இறங்கியது. யோகோஹாமாவில் 1927-ல் கட்டிய 'ஹோட்டல் நியூ கிராண்ட்' அப்படியே படை அதிகாரிகள் கைக்குப் போனது. ஜெனரல் மெக்ஆர்தரே அங்கே தங்கியிருக்கிறார். சிப்பாய்கள் ஸ்பெகட்டியில் கெச்சப்பைக் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்த அந்த ஹோட்டலின் சமையல்காரர் இரியே ஷிகேதாடா, 'இதைக் கொஞ்சம் மரியாதையா செய்யலாமே'ன்னு தக்காளி, வெங்காயம், பூண்டு, ஹாம் எல்லாம் சேர்த்து ஒரு அயிட்டம் செய்தாராம். பெயர், 'நாபோரிடான்'. அதாவது, நேப்பிள்ஸ் ஊர்க்காரன். நேப்பிள்ஸில் போய்க் கேட்டால் அப்படி ஒரு பலகாரமே கிடையாது என்பார்கள்! பிறகு அது மலிவாகி, குடைமிளகாயும் கெச்சப்புமாக ஜப்பான் காபிக் கடைகள் முழுக்கப் பரவிவிட்டது. நம்ம 'கோபி மஞ்சூரியன்' மஞ்சூரியாவில் பிறந்த கதைதான்.

உண்மையான கல்யாணம் அதற்கப்புறம் நடந்தது. டோக்கியோவில் 1953-ல் 'காபெ நோ ஆனா'ன்னு ஒரு கடை ஆரம்பித்தார்கள். அர்த்தம், 'சுவரில் ஒரு ஓட்டை'. (பெயர் வைக்கறதுல நம்மாளுங்களையே மிஞ்சிட்டாங்க!) 1960-களில் ஒரு கஸ்டமர், கேவியர் எனும் விலை உயர்ந்த மீன் சினையைக் கையோடு கொண்டுவந்து, 'இதை ஸ்பெகட்டியில் கலந்து குடுங்க'ன்னாராம். ருசி பிரமாதம். ஆனா, கேவியர் போட்டு தினமும் கடை நடத்தினால் சுவரில் இல்லை, பாக்கெட்டில்தான் ஓட்டை விழும். அதனால் உப்பில் ஊறவைத்த 'தராகோ' என்கிற உள்ளூர் மீன் சினையைப் போட்டார்கள். வெண்ணெயும் சினையும் கலந்த அந்த ஸ்பெகட்டி ஹிட்டாகி, கடைக்குக் கடை சோயா சாஸ், காளான், கடல்பாசின்னு அடுத்தடுத்த அயிட்டங்கள் இறங்கின. 1980-களின் கடைசியில் இத்தாலிச் சாப்பாட்டு மோகம் உச்சிக்குப் போனபோது, 'இதமேஷி'ன்னு ஒரு சொல்லே வந்தது. 'மேஷி' என்றால் அவங்க மொழியில் வெந்த சோறும்தான், சாப்பாடும்தான். 'சோறு தின்னாச்சா?'ன்னு கேட்கிற எங்க ஊருக்கு இதைப் புரியவைக்கத் தனியா கோனார் நோட்ஸ் வேண்டாம்.

ஏன் இந்த ஜோடி மட்டும் இப்படி ஒட்டிக்கொண்டது? விடை உங்க ஏரியா ஃபாஸ்ட் ஃபுட் கடையிலேயே இருக்கு... அஜினோமோட்டோ! 1908-ல் இகேதா கிகுனே என்கிற வேதியியல் பேராசிரியர், கடல்பாசியைக் கொதிக்கவைத்த தண்ணீர் ஏன் இவ்வளவு ருசிக்கிறதுன்னு நோண்டி, குளுட்டமேட்டைப் பிடித்தார். அந்த ருசிக்கு அவர் வைத்த பெயர்தான் 'உமாமி'. 1913-ல் அவருடைய சீடர் கொதாமா, காய்ந்த சூரை மீனிலிருந்து இனோசினேட் என்கிற இன்னொரு சரக்கைக் கண்டுபிடித்தார். இது ரெண்டும் சேர்ந்தால் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்லை. நாக்குக்கு அதைவிடப் பல மடங்கு! இப்போ இத்தாலிப் பக்கம் பாருங்க. பழுத்த தக்காளியிலும் பார்மஸான் சீஸிலும் குளுட்டமேட் கொட்டிக் கிடக்கு. அவங்க உப்புப் போட்ட நெத்திலி மாதிரி மீனில் இனோசினேட். அதாவது, ரெண்டு ஊரும் ஒரே கணக்கை வேற வேற நோட்டில் போட்டிருக்காங்க.

சரி, மூணாவது நோட்டு யாரோடதுன்னு யோசிச்சீங்களா? தக்காளி போட்ட கருவாட்டுக் குழம்பு! அதிலேயும் அதே குளுட்டமேட், அதே இனோசினேட். ஜப்பான்காரர்கள் சீவிப் போடுகிற 'கட்சுவோபுஷி'யும் தூத்துக்குடி, இலங்கைப் பக்கத்து மாசிக் கருவாடும் ஒரே வகை சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்துச் செய்வதுதான். அவங்க வீட்டுச் சமையலில் 'நிபோஷி'ன்னு குட்டி மீன் கருவாட்டைப் போட்டு சூப் தண்ணி எடுக்கிறார்கள். அதுக்கு எங்க சந்தையில் பேர், நெத்திலி. இதையெல்லாம் படித்தபிறகு கருவாட்டுக் குழம்பு நாற்றம்னு மூக்கைப் பொத்துகிற ஹாஸ்டல் வார்டன் மேல் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

காலையில் விருத்தாசலம் மார்க்கெட். கடலூரிலிருந்து கடல் மீன் வந்துவிடும். 'அக்கா, மீன் வேணாம், சினை மட்டும் குடுங்க'ன்னதும் அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'வூட்ல யாருக்கு தம்பி ஒடம்பு சரியில்ல?' இல்லக்கா, ஜப்பான் சமையல்னேன். 'மீன் சினைய வறுத்துத் திங்கறதுக்கு ஜப்பானுக்குப் போவணுமா?'ன்னு சிரித்துக்கொண்டே ரெண்டு சினையைச் சும்மா சேர்த்துப் போட்டார். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஸ்பெகட்டி, வெண்ணெய், சோயா சாஸ் கிடைத்தது. நோரி என்கிற கடல்பாசித் தாள்தான் இல்லை. அதுக்குப் பதில் கறிவேப்பிலையை மொறுமொறுன்னு வறுத்து நொறுக்கிவிடுவதாகத் திட்டம்.

இனி தட்டு. இதை விட்டுட்டு இந்த ஊரைப் பற்றி எழுதினால் பழமலைநாதரே மன்னிக்க மாட்டார். சென்னையிலிருந்து திருச்சி போகிற கார்டு லைன் ரயிலில் நீங்க இந்த ஜங்ஷனைத் தாண்டியிருப்பீங்க. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கேதான் பாதை பிரியும். ஆனா, இறங்கியிருக்க மாட்டீங்க. இறங்கினால் மணிமுத்தாறு, பெரிய கோயில், முந்திரி, அப்புறம் பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அது பக்கத்திலேயே கிடைத்ததால் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வந்தது, செராமிக் டிப்ளமோ படிக்கத் தனி கல்லூரியும் வந்தது. உங்க வீட்டு மீட்டர் போர்டில் இருக்கிற வெள்ளை ப்யூஸ் கட்டை, கொலுப் படியில் இருக்கிற பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றின பீங்கான் அகல்... இதில் ஏதோ ஒண்ணு எங்க ஊரிலிருந்து வந்திருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

அந்தக் கல்லூரியில் படிக்கிறான் என் பள்ளித் தோழன். பேர் போடாதேன்னு கண்டிஷன். நாங்க 'சூளை'ன்னுதான் கூப்பிடுவோம், அதையே வச்சுக்கங்க. அவங்க அப்பா இருபது வருஷத்துக்கு மேல அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிற வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு தண்ணியை உறிஞ்சும். ஓரத்தில் தோல் மாதிரி மண் படியும். மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே வெற்றிடத்தோடு பொம்மை ரெடி. காயவைத்து, ஆயிரம் டிகிரி கிட்டே ஒரு முறை சுட்டால் அதுக்குப் பேர் 'பிஸ்கட்'. (கடிச்சுடாதீங்க!) அப்புறம் கிளேஸ் பூசி மறுபடி சூளை. சாப்பாட்டுத் தட்டுக்கு 1,200 டிகிரிக்கு மேலேயே போகணும். அலங்காரப் பொம்மை, விளக்குத் தட்டில் பூசுகிற கிளேஸ் எல்லாம் சோற்றுக்கு ஆகாது. சிலதில் ஈயம் இருக்கலாம், அதில் புளிப்பு பட்டால் இன்னும் மோசம். அழகா இருக்கேன்னு கொலுத் தட்டில் ரசம் சாதம் பிசையாதீங்க.

'சூளை'யின் வீட்டில்தான் எங்க ஹோட்டல் திறந்தது. நெத்திலியை வெறும் சட்டியில் வறுத்து, கொதிக்கவைத்து, வடிகட்டினோம். அந்தத் தண்ணியிலேயே ஸ்பெகட்டி வெந்தது. ஜப்பானில் சினையை உப்பில் ஊறவைத்துப் பச்சையாகவே கலப்பார்கள். நம்ம மார்க்கெட் சினையில் அந்த விஷப் பரீட்சை வேண்டாம்னு உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு வெண்ணெயில் உதிர்த்து வதக்கி, ரெண்டு சொட்டு சோயா சாஸ் விட்டோம். ஸ்பெகட்டியைப் போட்டுப் புரட்டினால்... வீடு முழுக்க ஒரு வாசனை. ருசி? பாதி எங்க அம்மா, பாதி யாரோ! கறிவேப்பிலை ஜெயித்தது. சோயா சாஸை இன்னும் குறைத்திருக்கலாம். முள்கரண்டி தோற்றது, மூணு பேரும் கையாலேயே அடித்தோம்.

தட்டு அவன் கொடுத்தது. ஓரம் லேசா மேலே வளைந்து, நடுவில் குழிந்து, சாம்பல் பச்சை கிளேஸ். சூளையில் கோணிக்கொண்டதால் ஒதுக்கின செகண்ட்ஸ். வழுக்கி ஓடுகிற ஸ்பெகட்டி அந்தக் குழியில் வந்து சரியா உட்கார்ந்தது. 'இதுக்குன்னே செஞ்சியாடா?'ன்னேன். 'ஆமா'ன்னான். நான் இந்தச் சமையலைப் பற்றி போனில் உளறின அன்றைக்கே வரைந்துவிட்டானாம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. நாங்க சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார். 'தட்டு செஞ்சா யார்றா வாங்குவா? வீட்ல எவர்சில்வர் இருக்கு, விசேஷத்துக்கு வாழையில இருக்கு. ஒழுங்கா குஜராத்துக்குப் போ, மோர்பியில டைல்ஸ் கம்பெனியில மாசச் சம்பளம் வரும்.' அவர் சொல்றதில் தப்பு சொல்ல முடியலை. ப்யூஸ் கட்டை போட வேண்டிய இடத்தில் எல்லாம் இப்போ பிளாஸ்டிக் ஸ்விட்ச் வந்துவிட்டதை அவர் கண்ணெதிரே பார்த்தவர். 'சூளை' தட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான், 'ஹோட்டலுக்குப்பா. சென்னையில புதுசு புதுசா வருதில்ல, அவங்க எல்லாம் தட்டு எங்கேர்ந்தோதான வாங்கறாங்க?'

எனக்கு ரோசான்ஜின் ஞாபகம் வந்தார். 1925-ல் டோக்கியோவில் பெரிய உணவகம் நடத்தியவர். தன் சாப்பாட்டுக்கு ஏற்ற பாத்திரம் கடையில் கிடைக்கலைன்னு தானே மண்ணைப் பிசைந்து, காமகுராவில் சூளை கட்டிக்கொண்டவர். இத்தாலியில் ஃபயென்ஸா ஊரின் பேரே ஒரு வகை மட்பாண்டத்துக்குப் பேராகிவிட்டது. ஜப்பானின் அரிதா ஊரில் 1616-ல் பீங்கான் சுட ஆரம்பித்தது, போரில் கொரியாவிலிருந்து பிடித்துவரப்பட்ட குயவர் என்பார்கள். இதையெல்லாம் எடுத்துவிட்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அந்த ஓட்டல்காரருக்குக் காசு எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னார். எங்கிட்ட பதில் இல்லை. ஆனா, தட்டில் ஒரு பருக்கை... ஸாரி, ஒரு இழைகூட மிச்சம் வைக்காமல் அவரும் சாப்பிட்டிருந்தார்.

சாயங்காலம் ஒரு விஷயம் நடந்தது. கிளம்பும்போது, அப்பா அந்தச் செகண்ட்ஸ் தட்டை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓரத்தைச் சுண்டிப் பார்த்தார். 'அடி ரொம்ப மெல்லிசு. அதான் கோணுது. காலு கொஞ்சம் அகலமா வை'ன்னார். சுடும்போது மண் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சுருங்கும். 24 சென்டிமீட்டர் தட்டு வேணும்னா அச்சை 27-க்கு எடுக்கணும்னு கணக்கும் போட்டுக் கொடுத்தார்.

இதை நான் டைப் அடிக்கிற நேரம், புது அச்சில் பன்னிரண்டு தட்டு சூளைக்குள்ளே இருக்கு. ஆறினாத்தான் திறக்க முடியும். நாளைக்கு மத்தியானம் ஆகும்னு மெசேஜ் அனுப்பியிருக்கான்.