அரிமளத்துல குடுவைச் செடி பூக்குமா?

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்துலயே மண்ணோட கலர் மாறிடும். செக்கச் செவேல்னு செம்மண், நடுநடுவே செம்புறாங்கல், ரோட்டோரம் வரிசை பிடிச்சு நிக்கிற தைல மரங்கள். ஊருக்குள்ள நுழைஞ்சா, அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீடுகள். இதுதான் அரிமளம். இந்த ஊருக்கும் பூச்சி பிடிச்சுத் தின்கிற செடிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்!

ஸ்கூல்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, அந்த நெப்பந்தஸ்... அதாங்க, குடுவைத் தாவரம்! இப்ப நர்சரியிலயே தொங்கு தொட்டியில விக்கிறாங்க. பெரும்பாலும் 'வென்ட்ராட்டா'ங்கற கலப்பினம். வாங்கிட்டு வந்து மாட்டினதும் எல்லாருக்கும் வர்ற முதல் சந்தேகம்: ''இது எப்பப் பூக்கும்?''

குடுவை பூ இல்லீங்க!

பலரும் குடுவையையே பூன்னு நினைச்சுக்கிறாங்க. அது இலையோட நுனி. பூ தனியா, நீளமான காம்புல பொடிப்பொடியா வரும். ஆண் செடி வேற, பெண் செடி வேற. அதனால ஒத்தைச் செடி எவ்வளவு பூத்தாலும் விதை கிடைக்காது.

பூக்க வைக்க ஒரே ஒரு சுவிட்ச் கிடையாது. முதல்ல வயசு. தரையோட ஒட்டி வளர்ற குட்டிச் செடி பூக்காது. கொடியா மாறி மேல ஏறணும். அதுக்குச் சில வருஷம் ஆகும். அடுத்தது வெளிச்சம். நிழல்லயே கிடக்கிற செடி இலையா விட்டுத் தள்ளுமே தவிர, பூக்க யோசிக்கும். மூணாவது காத்துல ஈரம். காத்து காய்ஞ்சா குடுவையே உருவாகாம நுனி கருகிடும். அப்புறம் எங்கே பூக்கிறது?

உரம் போட்டா சீக்கிரம் பூக்குமே? ஊஹூம்! சத்தில்லாத மண்ணுல பிழைக்கத்தான் அது பூச்சி பிடிக்கவே ஆரம்பிச்சுது. வேர்ல உரம் விழுந்தா வெந்துடும். உப்புக் கலந்த போர் தண்ணியும் ஆகாது. மழைத்தண்ணிதான் பெஸ்ட்.

இந்தக் கண்டிஷனையெல்லாம் அப்படியே அரிமளத்துக்குக் கொண்டு வாங்க. மே மாச வெயிலுக்கு இந்தச் செடி தாங்காது. ஆனா, பழைய வீட்டு முற்றம் இருக்கே... மேலேர்ந்து வெளிச்சம் இறங்கும், நேர் வெயில் ரொம்ப நேரம் நிக்காது, கூரையில விழுற மழைத்தண்ணியை அண்டாவுல பிடிச்சுக்கலாம். கோடையில தினமும் ஈரம் காட்டினா செடி பொழைச்சுக்கும். பூக்கிறது உங்க பொறுமையைப் பொறுத்தது!

இதோட சொந்த ஊர் பெரும்பாலும் மழைக் காடு. இந்தியாவுல இயற்கையா வளர்ற ஒரே இனம் நெப்பந்தஸ் காசியானா, மேகாலயாவுல இருக்கு. அங்கே பாக்மாராவுல இதுக்காகவே ஒரு சரணாலயம் வெச்சிருக்காங்க. இலங்கையோட ஈரக் காடுகள்ல வளர்றது நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா. 1753-ல லின்னேயஸ் பேர் வெச்ச இனம் அது. நம்ம பக்கம் பார்க்கணும்னா ஏற்காடு தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம்.

உள்ளூர்லயே ஒரு சொந்தக்காரர்!

குடுவைச் செடியோட தாவர வரிசையைச் சேர்ந்த இன்னொரு வேட்டைக்காரர் நம்ம சமவெளியிலேயே இருக்கார். பேரு டிரோசிரா. இலை முழுக்கப் பனித்துளி மாதிரி பசை மினுங்கும். அழுத கண் மாதிரி இருக்கிறதால 'அழுகண்ணி'ங்கற பேரும் இதுக்கு உண்டு. 'பர்மானி' ரகம் தரையில ஒட்டின ரூபாய்க் காசு சைஸ்ல இருக்கும், வெள்ளைப் பூ. 'இண்டிகா' ரகம் நூல் மாதிரி இலையோட நிமிர்ந்து நிக்கும், பெரும்பாலும் ரோஸ் பூ. 1860-ல டார்வின் ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல, இப்போதைக்கு உயிரினங்களோட தோற்றத்தை விட டிரோசிராதான் தனக்கு முக்கியம்னு சொல்லியிருக்கார். 1875-ல பூச்சி தின்னும் தாவரங்கள் பத்தி ஒரு புத்தகமே போட்டார்!

இதைப் பூக்க வைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில மண் ஊறணும். சத்தில்லாத செம்மண் மேல தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம் மார்கழி, தை வெயில்ல ஈரம் மெல்ல வத்தணும். அவ்வளவுதான்! காலை வெயில்ல பூ விரியும், கொஞ்ச நேரத்துல மூடிக்கும். கோடை வர்றதுக்குள்ள விதையைக் கொட்டிட்டுச் செத்துப் போயிடும். அந்த விதை அடுத்த மழை வரைக்கும் மண்ணுல தூங்கும்.

சிக்கல் இங்கேதான். இந்தக் குட்டிச் செடிக்குத் திறந்த வெளி வேணும், நகர்ற தண்ணி வேணும். தைல மரக் காட்டுல உதிர்ந்த இலை மெத்தை மாதிரி மூடிக்கிட்டா, நாலு அங்குலச் செடிக்கு வெயில் ஏது? தைல மரத் தோட்டங்களுக்குள்ள போடுற வரப்புகள் மழைத்தண்ணியைக் கண்மாய்க்குப் போக விடாம மறிக்குதுன்னு புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் பல வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க. அவங்க கேக்குறது வயலுக்கான தண்ணி. ஆனா, அதே தண்ணியிலதான் அழுகண்ணியோட ஆயுசும் இருக்கு.

அதனால பாட்டனி படிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... முதல்ல திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியோட ராபினட் ஹெர்பேரியத்துல உலர்த்தி வெச்ச செடிகளைப் பார்த்து அடையாளம் பழகிக்கோங்க. தை பிறந்ததும் அரிமளம் பக்கம் ஒரு ட்ரிப் அடிங்க. கண்மாய் ஓரம், செம்புறாங்கல் சரிவு, மத்த செடி வளரத் தயங்குற ஈரத் திட்டு... அங்கெல்லாம் முட்டி போட்டுத் தேடணும், நின்னுக்கிட்டுப் பார்த்தா கண்ணுல படாது. காலையிலேயே போயிடுங்க. கண்டுபிடிச்சா பிடுங்காதீங்க, போட்டோ எடுத்து, தேதியும் இடமும் குறிச்சு உங்க புரொஃபசர்கிட்ட குடுங்க.

தொட்டியில இருக்கிற குடுவைச் செடிக்கு நீங்க தண்ணி ஊத்தினாப் போதும். அழுகண்ணிக்குத் தண்ணி ஊத்த வேண்டியது வானம். அதை மறிக்காம இருக்க வேண்டியது நாம!