அவகிட்ட கேட்டானே

'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை அம்மா முதலில் பார்த்தது செஞ்சியில், டூரிங் டாக்கீஸின் மணல் தரையில், மடியில் அவித்த மல்லாட்டையோடு. ஸ்ரீதரின் அந்தப் படம் வெளிவந்தது 1962இல். அம்மா பார்த்தது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கோடு விழுந்த பழைய பிரதியில். இப்போது யூடியூபில் பார்க்கிறாள். அதே இடத்தில் அழுகிறாள்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம். புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வருகிறான் கணவன் முத்துராமன். அறுவை செய்ய வேண்டிய மருத்துவர் கல்யாண்குமார், மனைவி தேவிகாவின் பழைய காதலர். இது தெரிந்ததும், நான் செத்துப்போனால் நீ அவரையே கட்டிக்கொள் என்கிறான் கணவன். பெருந்தன்மையாம்! ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டுப் போக அவள் என்ன சைக்கிளா?

கல்லூரி நாளில் 'காஸாபிளாங்கா' பார்த்தபோதும் இதே எரிச்சல்தான். 1942இல் வந்த படம், இன்றும் காதலர்களுக்கு வேதம். இங்க்ரிட் பெர்க்மன் நடித்த இல்ஸா, நம் இருவருக்கும் சேர்த்து நீயே யோசி என்று காதலனிடம் விட்டுவிடுகிறாள். அவன் யோசித்து, அவளைக் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்புகிறான். கடைசியில் பனிமூட்டத்தில் நடந்துபோவது இரண்டு ஆண்கள். (அதையும் நான்கு முறை பார்த்திருக்கிறேன், அது வேறு விஷயம்.)

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் கொட்டினேன். போனை நிறுத்தினாள்.

"புருஷன் பொழைச்சிக்கிட்டான்னா அழறேன்னு நெனச்ச? அவன் அவகிட்ட கேட்டானேடி. அவளும் முடியாதுங்கிறா பாரு."

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 27 வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நிலத்தை யார் பார்ப்பது, என்னை எங்கே படிக்கவைப்பது, இவள் யார் வீட்டில் இருப்பது. மறுமணம் என்ற சொல்லே வரவில்லை. அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்ததாம்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்ல விடலையே."

கணவன் சொன்னதற்குத் தேவிகா பாட்டாகவே பதில் தருகிறாள், பி. சுசீலாவின் குரலில், கேள்வி மேல் கேள்வியாக. கற்பு பேசும் பாட்டு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா இத்தனை வருடமும் அந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் மாடியிலிருந்து ராஜகிரி தெரியும். 1714இல் போரில் செத்த தேசிங்குராஜாவின் குதிரை பாராசாரி என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். நான் சின்ன வயதில் கேட்ட கதையில் அவள் நெருப்பில் ஏறினாள், அவ்வளவுதான். அதற்கு முன் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக யாரும் சொன்னதில்லை.

"அன்னிக்கு உன்கிட்ட கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

அம்மா போனைத் திரும்ப ஓடவிட்டாள்.

"இரு, பாட்டு முடியட்டும்."